திரையிடுவது நயவஞ்சகம் அன்று

ஓர் ஆசிரியை தம் தங்கையின் நிக்காஹ் நாளன்று மருதாணி இட்ட கைகளைச் சில நொடிகள் படம்பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதில் எவருடைய முகமும் இல்லை. பின்னணியில் யாரோ ஒலிக்கவிட்ட திரைப்பாடல் ஒன்று மட்டும் கேட்டது. இரவுக்குள் அது பெற்றோர் குழுவைச் சென்றடைந்தது. மறுநாள் பள்ளி நிர்வாகியின் கைபேசிக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் பேசுபொருளாயிற்று. “பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பவர் வீட்டில் இப்படியா? இது இரட்டை வேடம் அல்லவா?” என்றார்கள். அவர் பதினோர் ஆண்டுகளாகக் கற்பித்துவரும் கணக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவருடைய பெயரையும் ஊரையும் நாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தப் பாவத்தில் நாமும் பங்குதாரர்கள் ஆவோம்.

முதலில் ஒன்றைக் கேட்போம். அந்த ஆசிரியையின் ஸ்டேட்டஸ் பெற்றோரின் கண்ணில் பட்டது எப்படி? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஆசிரியர்கள் தம் சொந்தக் கைபேசி எண்களைக் கொடுத்தார்கள். நாமும் அவற்றைச் சேமித்துக்கொண்டோம். அவர்களும் நம் எண்களைச் சேமித்தார்கள். பள்ளிகள் திறந்தன, எண்கள் அப்படியே தங்கிவிட்டன. வீட்டுப் பாடத்திற்காகத் திறந்துவிடப்பட்ட கதவு அது. அதன் வழியாக இன்று அவர்களுடைய அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்க்கிறோம். பார்த்ததோடு நில்லாமல், பார்த்ததைப் பிறருக்கும் அனுப்புகிறோம்.

நம் மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயம் (24:27) கட்டளையிடுகிறது. திரும்பிச் செல்லுங்கள் எனச் சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்கிறது அடுத்த வசனம். அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளையில், இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். பெற்ற பிள்ளைக்கே இந்த எல்லை என்றால், ஆசிரியையின் இஷாவுக்குப் பிந்திய நேரத்தின்மீது நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஒருவர் துவாரம் வழியே அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் பொருட்டுத்தான் ஏற்பட்டது என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. அங்கே நடந்துகொண்டிருந்தது தலைவாருதல் என்னும் குற்றமற்ற செயலே. மறைக்க ஏதேனும் பாவம் இருந்தால்தான் மறைவு வேண்டும் என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

“நல்லவரானால் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. இதே கேள்வி ஹன்ளலா (ரலி) அவர்களையும் வாட்டியது. நபியவர்களின் அவையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீடு திரும்பி மனைவி, மக்கள், தொழில் என்று ஆனதும் அவை மறந்துபோகின்றன. ஆகவே, தாம் நயவஞ்சகராகிவிட்டதாக அஞ்சினார். அபூபக்ர் (ரலி) அவர்களும் தமக்கும் அதே நிலைதான் என்றார்கள். இருவரும் நபியவர்களிடம் சென்றார்கள். அந்த உயர்ந்த நிலையிலேயே எப்போதும் நீடித்தால் வானவர்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகுலுக்குவார்கள். ஆனால் ஒரு நேரம் அதற்கு, ஒரு நேரம் இதற்கு என்னும் கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள் (ஸஹீஹ் முஸ்லிம்). அபூபக்ர் (ரலி) அவர்களுக்கே அனுமதிக்கப்பட்ட அந்த இன்னொரு நேரத்தை, ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்கு நாம் மறுக்கிறோம்.

நயவஞ்சகத்தின் அடையாளங்களை நபியவர்களே எண்ணிக் காட்டியுள்ளார்கள்: பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பி ஒப்படைத்தால் மோசடி. தொழிலுக்கு ஒரு கணக்கும் குடும்பத்துக்கு ஒரு கணக்கும் வைத்துக்கொள்வது இவற்றில் எதில் அடங்கும்? அது திரை; வேடம் அன்று. பாடத்திற்காக நம்பித் தரப்பட்ட எண்ணைக் கொண்டு ஒருவரது மானத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவருவதுதான் அமானித மோசடி. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) ஒரே வசனத்தில் சேர்த்துத் தடுத்திருப்பது தற்செயல் அன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது பின்தொடரும்.

“பொதுவில் வைத்ததைத்தானே பார்த்தோம்” என்பாரும் உளர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. யாரும் காணும்படி வைத்ததற்கு வைத்தவரே பொறுப்பு. ஆகவே, ஆசிரியர்களை நோக்கியும் நாம் பேசியாக வேண்டும். பள்ளிக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் ஸ்டேட்டஸை யார் காணலாம் என்பதை வரையறுத்துவிடுங்கள். மாணவர்களுடன் உரையாடுவதைப் பெற்றோர் காணும் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு நீங்கள் வேண்டும் திரையைப் பிள்ளைகளுக்கும் தாருங்கள். அழும் குழந்தையை ரீல்ஸ் ஆக்குவதும், மதிப்பெண் பட்டியலைக் குழுவில் இடுவதும், கரும்பலகையின் முன் திணறும் மாணவனைப் படம்பிடித்துச் சிரிப்பதும் மானபங்கமே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் இப்போது கேட்பதை அமானிதம் என்னும் சொல் நம்மிடம் எப்போதோ கேட்டுவிட்டது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்குத் தீங்கிழைப்பவருக்கு இந்தத் திரை கிடையாது. மாணவியிடம் தகாத முறையில் பேசுபவரையும், வகுப்புப் பிள்ளைகளை மதம் சாதி சொல்லி இழிவுபடுத்துபவரையும் மூடி மறைப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். அத்தகைய புகாரை எழுத்தில் நிர்வாகத்திடமும், தேவையெனில் காவல்துறையிடமும் கொண்டு செல்வது கடமை. அதற்கும் மருதாணிக் கைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத அளவுக்கு நாம் பேதைகள் அல்லர். அறிந்தும் அறியாதவர்போல் நடிக்கிறோம்.

ஆகவே, பெற்றோராகிய நாம் சிலவற்றைச் செய்வோம். ஆசிரியரிடம் குறை கண்டால் முதலில் அவரிடமே தனியாகச் சொல்வோம். இஷாவுக்குப் பின் பாடம் பற்றிய செய்திகளை அனுப்பாமல் காலை வரை பொறுப்போம். பள்ளி நிர்வாகங்களும் மஹல்லா ஜமாஅத்துகளும் யாரோ அனுப்பிய படத்தை வைத்து விசாரணை நடத்த மாட்டோம் எனத் தீர்மானிக்கட்டும். ஓர் ஆசிரியைக்கு ஆண்டு முழுவதும் நாம் தரும் மரியாதை, ஒரு நொடிப் படத்தில் கரைந்துவிடுமானால் அது மரியாதையே அன்று.

அந்த ஆசிரியை இன்றும் பள்ளிக்கு வருகிறார், கணக்கும் கற்பிக்கிறார். ஆனால் பெற்றோர் எவரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று சொல்கிறார்கள். அவருடைய எண் இன்னும் நம் கைபேசிகளில் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அந்த எண்ணே உதவும். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நமக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. அந்த நாளில் நம்முடைய எந்தப் பதிவு திறந்து காட்டப்படக் கூடாது என்று நாம் அஞ்சுகிறோமோ, அதை எண்ணிக்கொண்டு இன்று பிறருடைய திரையைத் தொடாதிருப்போம்.