நடைவழிகள் நாட்டின் செல்வம்

காசிமேட்டை அடுத்துள்ள சென்னைத் துறைமுகத்திற்கு வரும் சரக்குக் கப்பல் ஒவ்வொன்றின் விலாப்புறத்திலும் ஒரு வட்டமும், அதன் குறுக்கே ஒரு கோடும் தீட்டப்பட்டிருக்கும். கப்பல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு அக்குறியே எல்லை. அளவு கடந்து சரக்கேற்றினால் கோடு நீரில் மறையும். பிழை எல்லார்க்கும் வெளிப்படும். வணிகர் சிலரது பேராசையால் மாலுமிகள் கடலில் மாண்டுபோவதைக் கண்டு மனம் பொறாது, இக்குறிக்காக இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அயராது வாதாடியவர் சாமுவேல் பிளிம்சால் என்பவர். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்குறி கட்டாயமாயிற்று. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கடலோடிகளின் உயிருக்காகப் போராடிய அப்பெரியார், 1887ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஒரு மலைப்பாதைக்காகவும் மக்களோடு சேர்ந்து நின்றார். கப்பலுக்கும் மலைப்பாதைக்கும் தொடர்பு யாது? பொதுமக்களின் உரிமை என்னும் ஒரு நூலிழையே அவ்விரண்டையும் இணைக்கின்றது. அவ்வுரிமையை நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிநாடு என்று வழங்கும் ஒரு பகுதி உண்டு. பண்டைக் காலத்துப் பனியாறுகள் குடைந்துசென்ற பள்ளத்தாக்குகளில் நீண்ட ஏரிகள் நிறைந்திருக்கின்றன. விண்டர்மியர் என்பது அவற்றுள் பெரியது. ஸ்கேஃபெல் பைக் என்னும் 978 மீட்டர் உயரமுள்ள சிகரமும் அங்கேதான் உள்ளது. நம் ஆனைமுடியோடு ஒப்பிட்டால் அது சிறு குன்றே. ஆயினும் அந்நாட்டின் பெருமை மலைகளின் உயரத்தில் இல்லை. பள்ளத்தாக்கினின்று பள்ளத்தாக்கிற்கு மலை கடந்து செல்லும் நடைவழிகளில் இருக்கின்றது.

அவ்வழிகள் இன்பச் செலவுக்கென்று எவரும் வகுத்தவை அல்ல. ஆடு மேய்ப்போர் மந்தையை ஓட்டிச் சென்ற தடம் ஒன்று. கம்பளி மூட்டை சுமந்த குதிரைகள் வரிசையாக நடந்த தடம் மற்றொன்று. ரைடல் என்னும் ஊரிலிருந்து கிராஸ்மியருக்குச் செல்லும் ஒரு வழி, இறந்தோரைப் பேழையில் வைத்துக் கோயில் இடுகாட்டிற்குத் தூக்கிச் சென்ற வழியாகும். உழைப்பும் துயரமும் மிதித்து மிதித்து உண்டாக்கிய பாதைகளில்தான் இன்று உலகத்தார் உலவி மகிழ்கின்றனர். கிராஸ்மியரில் வாழ்ந்த வொர்ட்ஸ்வொர்த் என்னும் பெருங்கவிஞர் அம்மலைகளிலே நடந்து திரிந்து கவி பாடினார். 1810இல் முதன்முதலாக வெளிவந்த வழிகாட்டி நூல் ஒன்றையும் எழுதினார்.

இத்தகைய வழிகளுள் ஒன்றுக்கு ஒருகால் இடையூறு நேர்ந்தது. கெசிக் என்னும் ஊரை அடுத்து லாட்ரிக் என்றொரு குன்று உண்டு. ஊரார் நெடுங்காலமாக ஏறி வந்த அக்குன்றின் பாதையை நிலத்துக்குரியோர் அடைத்துவிட்டனர். ஊரார் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். குறித்த நாளில் ஏறக்குறைய 2,000 பேர் திரண்டு, தடைகளை அகற்றிக்கொண்டு உச்சிக்கு நடந்தனர். பிளிம்சால் அக்கூட்டத்தில் ஒருவராய் இருந்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, உச்சிக்குச் செல்லும் வழி மக்களுக்குத் திறந்தது.

அந்நாட்டார் அம்மட்டோடு அமையவில்லை. மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையுடன் நடந்த வழி பொதுவழியாகக் கொள்ளப்படும் என்பது அங்கே சட்டமாயிற்று. நடைவழிகளை அளந்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஆணையிட்டது. 1951இல் ஏரிநாடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இவையெல்லாம் செல்வர்க்கு உரிய பொழுதுபோக்கு என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. ஆல்ஃபிரட் வெயின்ரைட் என்பவர் 1907இல் பிளாக்பர்ன் என்னும் ஆலை நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். புகைபோக்கிகளின் நடுவே வளர்ந்த அவ்விளைஞர் 1930இல் முதன்முறையாக ஏரிநாட்டைக் கண்டார். கண்டதும் அதற்கே தம்மை ஒப்படைத்தார். கெண்டல் நகராட்சி அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே, ஓய்வு நாள்களில் பேருந்தில் சென்று, கால்நடையாக மலையேறி, 214 குன்றுகளின் வழிகளையும் தம் கையாலேயே வரைந்து எழுதினார். 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. காரும் குதிரையும் இல்லாத ஒரு கணக்கரே அந்நாட்டு மலைவழிகளுக்குச் சிறந்த ஆசிரியரானார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் மலையும் ஏரியும் பள்ளத்தாக்கும் இல்லாமல் இல்லை. பழனி மலைமீது 1863இல் அமைக்கப்பட்ட கோடை ஏரியை அறியாதார் யார்? மோட்டார்ச் சாலை வருமுன், பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும் குதிரையிலும் பல்லக்கிலும் அங்கே ஏறினர். பல்லக்கைச் சுமந்தோரும் நடந்தே ஏறினர். ஆயினும் மலைநடை விளையாட்டன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டில் பரவிய தீயில் மலையேறச் சென்றோர் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அத்துயரம் புகட்டிய பாடம் பெரிது. 2024இல் தமிழக அரசு 40 மலைவழிகளை வரையறுத்து, முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் உள்ள ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. காட்டின் இயல்பை அறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, பருவம் அறிந்து, இசைவு பெற்று நடப்பதே அறிவுடைமை.

மலைக்குச் செல்ல வாய்ப்பில்லாதார்க்கு நடைவழி இல்லையோ? உண்டு. காசிமேட்டிலிருந்து வடக்கே செல்வோமாயின் நமக்கே உரிய ஓர் ஏரிநாட்டை அடைகின்றோம். அங்கே மலை இல்லை. மலைக்கு ஈடாகக் கடல் இருக்கின்றது. இராயபுரத்தில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் புறப்பட்டது. காசிமேட்டைக் கடந்து வடக்கே நடந்தால் பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர். ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தலத்திற்குக் கால்நடையாகவே சென்று வழிபட்டு வந்தார். மேலும் வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். அதற்கும் வடக்கே, 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காடும், சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரியும் உள்ளன. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டங்கூட்டமாக நிற்கும் காட்சி கண்கொள்ளாதது. 1806இல் தொடங்கி வெட்டப்பட்டு, பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழி, இவ்வூர்களையெல்லாம் ஒரு சரடாகக் கோத்துச் செல்கின்றது.

இந்நாட்டின் நடைவழிகளும் உழைப்பால் உண்டானவையே. வலை சுமந்தோர் கடலுக்குச் சென்ற வழி, மீன்கூடை சுமந்த மகளிர் சந்தைக்கு நடந்த வழி, சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் ஆற்றுக்கு இறங்கும் வழி என இவை பலவாம். பழவேற்காட்டு மீனவர் மீன்பிடிக்கும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கத்தை உடையவர். பொதுவுடைமையைக் காக்கும் பண்பு நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதன்று.

எனினும் இவ்வழிகள் தேய்ந்து வருகின்றன. துறைமுகச் சுவர் கடலுள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினாவில் மணல் பரந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. தெருக்களையும் வீடுகளையும் கடல் கொண்டது. எஞ்சியவற்றைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். தூண்டில் வளைவுகளை அமைத்தனர். ஊர் பிழைத்தது, ஆயினும் பல இடங்களில் மணலில் நடந்து கடலை அடைந்த மக்கள் கற்குவியலின்மேல் ஏறி இறங்க வேண்டியவராயினர். கழிமுகத்திலோ அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்து பரவிய எண்ணெயும் ஆற்றோரத்தைக் கெடுத்தன. வேலிகளும் மதில்களும் எழுந்த இடங்களில் பழைய ஒற்றையடிப் பாதைகள் மறைந்தன.

தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் வேண்டா என்று கூறுதல் நம் கருத்தன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அவற்றால் எரிகின்றது. நாம் வேண்டுவது ஒன்றே: கப்பலுக்குப் பாரக்குறி இருப்பதுபோல், நிலத்தைப் பயன்படுத்துவதற்கும் ஓர் எல்லைக்கோடு இருத்தல் வேண்டும். மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி அவ்வெல்லைக்கோடாக மதிக்கப்பெற வேண்டும்.

அதற்கு வழி உண்டு. நம் கிராம வரைபடங்களில் வண்டிப்பாதைகளை இன்றும் காணலாம். 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையெனக் கொண்டு நடந்தவர்க்கு வழியுரிமை உண்டென்பதை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் நம் நாட்டிலும் ஏற்றுள்ளது. அரசு நிலமாயின் அக்காலம் இன்னும் நீளும். ஆனால் சான்றின்றி உரிமை நிலைபெறாது. பதிவின்றிச் சான்று கிடைப்பதரிது. கடலோரத்திலும் கழிமுகத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள நடைவழிகளை ஊர்தோறும் அளந்து பதிவேட்டில் ஏற்றுதல் வேண்டும். புதிய கட்டடத்திற்கு இசைவு அளிக்குமுன் அப்பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. உங்கள் ஊரில் பெரியோர் எந்த வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் காட்டுக்கும் சென்றனர் என்று கேட்டறியுங்கள். ஆசிரியரோடு அவ்வழியே நடந்து, அடியளந்து, வரைபடம் தீட்டுங்கள். எங்கே மரம், எங்கே கிணறு, எங்கே அடைப்பு என்று குறியுங்கள். செல்லும் வழியில் குப்பையைப் போடாதீர்கள், பயிரை மிதியாதீர்கள், உலரும் வலையைத் தாண்டாது சுற்றிச் செல்லுங்கள். ஏரிநாட்டில் மிகப் பலர் நடப்பதாலேயே மலைச்சரிவுகள் அரிப்புண்டு, தொண்டர்கள் கல் சுமந்து பாதையைச் செப்பனிடுகின்றனர். நடப்பவனே வழியைக் காக்கவும் கடமைப்பட்டவன்.

பேருந்தில் விரைவோன் ஊர்ப்பெயர்களை அறிகின்றான். நடந்து செல்வோன் ஊரை அறிகின்றான். எந்தக் கழியில் நீர் கறுத்தது, எந்தத் தெருவைக் கடல் கொண்டது, எந்த வழியை மதில் மறித்தது என்பன நடப்பவன் கண்ணுக்கே முதலில் புலனாகும். ஆள் நடமாட்டமற்ற வழியில் புல் முளைக்கும். புல் முளைத்த இடத்தில் வேலி முளைக்கும். வேலி முளைத்தபின் அது வழியாக இருந்தது என்பதையே உலகம் மறந்துவிடும். ஆதலின், நம் முன்னோர் நடந்த வழிகளில் நாமும் நடப்போமாக. நமக்குப் பின் வருவோரும் நடக்குமாறு அவற்றைக் காத்து அளிப்போமாக.