துப்புக்கூலி கொடுத்தால் மாடு வீடு வரும்!

மாமல்லபுரம் போனவர்கள் கிருஷ்ண மண்டபத்தில் ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீர்கள். பால் கறக்கும் மனிதர், கன்றை நக்கிக் கொடுக்கும் பசு... ஏழாம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிய காட்சி. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்தவர்கள் நாம். செல்வம் இருக்கிற இடத்தில் திருடனும் இருப்பானே!

19-ம் நூற்றாண்டில் மதுரை, நெல்லைப் பக்கம் மாடு காணாமல் போனால் பலரும் போலீஸுக்குப் போகவில்லை. துப்பு தெரிந்த ஆளைத் தேடிப்போனார்கள். பேரம் பேசி, மாட்டின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டியிருக்கும். இதற்குப் பெயர் 'துப்புக்கூலி'. திருடியது யார் என்று கேட்கக் கூடாது.

அநியாயம்தான். ஆனால், உழவு நேரத்தில் அந்தக் குடும்பத்துக்குத் தேவை மாடு; திருடனுக்குத் தண்டனை அல்ல.

வெள்ளைக்காரர்கள் கணக்கு வேறு. இங்கிலாந்து, வேல்ஸில் 1832 வரை ஆடு திருடினால் தூக்குத் தண்டனையே உண்டு. இங்கே 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 215-வது பிரிவு, திருடனைப் பிடித்துக்கொடுக்க முயலாமல், பணம் வாங்கிக்கொண்டு பொருளை மட்டும் மீட்டுத் தருபவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்றது. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, சிலர் செய்த திருட்டுக்காகச் சமூகம் மொத்தமும் கைரேகை வைக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்தது. 1947-ல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது.

இப்போது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால், திருடியதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல்முறை குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவருக்கு இது நல்ல செய்தி. நன்கு வளர்ந்த கிடாவோ கறவை மாடோ என்றால், இந்தச் சலுகைக்குள் வராது.

திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் ஆடு, மாடு வளர்க்கிறவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டின் காதில் வில்லை இருந்தால், அதிலுள்ள 12 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். களவு போனால் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.