வீட்டுவழிக் கல்வியா, மாற்றுப் பள்ளியா? 14 வயதுக்குப் பின் எழும் சிக்கல்

குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சட்டத்தை மீறுகிறார்களா? இந்தியாவில் இதற்கு நேரடியான விடை இல்லை.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு கூறுகிறது. அக்கடமையைச் செய்யத் தவறும் பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கமும் அரசைக் கட்டுப்படுத்துவதாகவே அமைந்துள்ளது. அதாவது, கல்வியை வழங்குவதும் குழந்தை பள்ளியில் சேர்ந்து படிப்பதை உறுதிசெய்வதும் அரசின் பொறுப்பாகும்.

தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு ஒன்றில் 2012 ஜூலையில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விரும்பி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதனைத் தொடரலாம் என்றும், கல்வி உரிமைச் சட்டம் அதற்குத் தடையாக இல்லை என்றும் அதில் தெரிவிக்கப்பட்டது. வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் இன்றளவும் மேற்கோள் காட்டும் ஆவணம் இதுதான். ஆனால், பிரமாணப் பத்திரம் சட்டத்துக்கு ஈடாகாது. அரசு மாறினால் நிலைப்பாடும் மாறக்கூடும்.

பள்ளி நடத்துவோருக்கு இந்தத் தளர்வு இல்லை. அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிமீறல் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை கூடுதலாக விதிக்க 18ஆவது பிரிவு வழிசெய்கிறது. இதனால் விசித்திரமான நிலை உருவாகியுள்ளது. தாய் ஒருவர் தன் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தால் அபராதம் இல்லை. அவரைப்போன்ற பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆசிரியர் ஒருவரை நியமித்தால் அது அங்கீகாரமற்ற பள்ளி ஆகிவிடக்கூடும். சிறிய மாற்றுக் கல்வி முயற்சிகள் பல 'பள்ளி' என்ற சொல்லைத் தவிர்த்து 'கற்றல் மையம்' என்று பெயர் வைத்துக்கொள்வது இதனால்தான்.

மாற்றுப் பள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல

மாற்றுக் கல்வி இந்தியாவுக்குப் புதிதன்று. ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் 1901இல் பள்ளி தொடங்கினார். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திரை நிறுவினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இன்று இந்தப் பெயரின்கீழ் வரும் பள்ளிகள் இரு வகைப்பட்டவை. ஆந்திரப் பிரதேசத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை நடத்தும் ரிஷிவேலி பள்ளி முதல் வகையைச் சேர்ந்தது. கற்பிக்கும் முறை வேறு என்றாலும் அங்குப் படிக்கும் மாணவர் ஐ.சி.எஸ்.இ. தேர்வு எழுதி, ஏனைய மாணவரைப்போலவே சான்றிதழ் பெறுகிறார். இத்தகைய பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்குக் கட்டணமும் இடம் கிடைப்பதும்தான் கவலை. சான்றிதழ் குறித்த அச்சம் இல்லை. இரண்டாம் வகை, எந்த வாரியத்துடனும் இணையாத சிறு மையங்கள். அங்குப் படிக்கும் குழந்தை, தேர்வைப் பொறுத்தவரை, வீட்டில் படிக்கும் குழந்தையின் நிலையில்தான் இருக்கிறது. விளம்பரக் கையேடுகளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சேர்க்கைக்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்த வாரியம்' என்பதே. கற்பித்தல் தத்துவத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாற்று முறை வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியது என்ற கருத்தும் முழு உண்மையன்று. ரிஷிவேலியின் ஊரகக் கல்வி மையம் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைவழிக் கற்றல் முறையே, தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரியாக அமைந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, பின்னர் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

திரும்பி வரும் வழி

வீட்டுவழிக் கல்வியில் பெற்றோர் அதிகம் அஞ்சுவது, இடையில் மனம் மாறினால் பள்ளி மீண்டும் சேர்த்துக்கொள்ளுமா என்பதற்குத்தான். 14 வயதுவரை இந்த அச்சம் தேவையற்றது. பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், பாடத்தில் பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் 4ஆவது பிரிவு கூறுகிறது. நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டுவதையும் சட்டம் தடைசெய்கிறது. அதன்பின் நிலைமை வேறு. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்போது பெரும்பாலும் கைகொடுப்பது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 14 வயது நிறைந்தவரைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்கிறது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், தமக்குப் போதிய கல்வியறிவு உண்டு என்று தாமே உறுதிமொழி அளித்தால் போதும். தேர்ச்சி பெற ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஆனால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி கட்டாயம். அறிவியல் எடுப்போர் செய்முறை வகுப்புக்கு, இணைக்கப்பட்ட கல்வி மையத்தையே நம்ப வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் தாவரவியல் கற்ற மாணவருக்கும் ஆய்வகத்தில் பழகும் நேரம் தேவைப்படும்.

இந்தச் சான்றிதழின் மதிப்பும் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. 2018இல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் தனித்தேர்வர்களும் நீட் தேர்வு எழுதத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. அவ்விதியை அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்றுக்கொண்ட பின்னரே, 2024 மார்ச்சில் வழக்கு முடிவுக்கு வந்தது. பத்து வயதில் வீட்டுவழிக் கல்வியைத் தொடங்கும் குழந்தைக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து விதி எப்படி இருக்கும் என்பதை எந்தப் பெற்றோராலும் கணிக்க இயலாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிக் கட்டணம் மிச்சம் என்பது பாதிக் கணக்கு. பெற்றோரில் ஒருவர், நடைமுறையில் பெரும்பாலும் தாய், வேலையை விடுகிறார் அல்லது குறைத்துக்கொள்கிறார். இழக்கும் அந்த ஊதியமும் கணக்கில் வர வேண்டும்.

பதிவேடு இல்லாத குழந்தைகள்

வீட்டுவழிக் கல்வியை அரசு வெளிப்படையாக அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால், அங்கீகாரம் மட்டும் போதாது. மத்திய அரசின் 'யுடைஸ்' தரவுத் தொகுப்பு பள்ளிகள் வாயிலாகத் திரட்டப்படுவது. எப்பள்ளியிலும் பெயர் இல்லாத குழந்தை அதில் இடம்பெறாது. வீட்டில் இயற்பியல் படிக்கும் சிறுவனுக்கும், படிப்பை நிறுத்தி வீட்டு வேலை செய்யும் சிறுமிக்கும் அரசு ஏட்டில் வேறுபாடு இல்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தக் குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முழுமையாகத் தடைசெய்த அத்திருத்தம், அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளித்தது. பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோதான் உதவலாம் என்பது நிபந்தனை. பள்ளியிலேயே சேராத குழந்தைக்குப் பள்ளி நேரம் எது என்று ஆய்வாளர் ஒருவர் எப்படி முடிவு செய்வார்?

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்யும் எளிய முறை இதற்கு ஒரு தீர்வாக இருக்கலாம். அதிகாரிகளின் தலையீட்டிலிருந்து விலகவே வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் இதனை விரும்பமாட்டார்கள். அவர்களின் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், அவர்களின் குழந்தைகளுக்குக் குரல்கொடுக்க அவர்களாவது இருக்கிறார்கள். வீட்டு வேலையில் அமர்த்தப்பட்ட சிறுமிக்கு அந்தப் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.