மூலத்தைப் பாராத படிப்பு

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களில் பலர் இலக்கியத்தைப் படிப்பதில்லை. அதைப் பற்றிய கைடுகளைத்தான் படிக்கிறார்கள். இப்படிச் சொன்னால் பேராசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

“மூலப் பிரதியைப் பார்க்க லண்டனுக்கா போகமுடியும்?” என்று கேட்கிறார்கள். என் தலைமுறைக்கு அது நியாயமான காரணம். இன்று அது வெறும் சாக்கு.

மீமிசலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் ஜேன் ஆஸ்டினின் ‘பர்ஸ்வேஷன்’ நாவலுக்கு ஒரு கைடை உருப்போட்டுக் கொண்டிருந்தாள். ஆஸ்டினின் நடை செதுக்கி வைத்தது என்று அதில் அச்சிட்டிருந்தது. “செதுக்கின உளியைப் பார்த்திருக்கிறாயா அம்மா?” என்றேன். விழித்தாள். அவளுடைய கைப்பேசியிலேயே தேடினோம்.

1816-இல் ஆஸ்டின் அந்த நாவலின் முடிவை எழுதினார், மனத்துக்கு ஒப்பவில்லை. ஓர் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாக இரண்டு எழுதினார். தள்ளியது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதி முடித்து அச்சேறிய நாவல்களில் கையெழுத்தாக மிஞ்சியவை அந்தச் சில தாள்களே. 2010 முதல் அவற்றின் படங்கள் இணையத்தில் இலவசம்.

“இவங்களும் அடிச்சு அடிச்சுத்தான் எழுதியிருக்காங்களா, மாமா?” என்றாள். எந்தக் கைடு கற்பிக்கும் இந்தப் பாடத்தை?

ஆனால், திரையில் தெரிவதெல்லாம் மூலமாகிவிடாது. ‘ஹாம்லெட்’ 1603-இல் முதலில் அச்சானபோது, பின்னால் வந்த பிரதியில் சுமார் பாதி நீளந்தான். நாம் பொலோனியஸ் என்று அறிந்தவருக்கு அதில் கொராம்பிஸ் என்று பெயர்! 1623-ஆம் வருஷத்துப் பெருந்தொகுப்பு இன்னும் வேறு மாதிரி. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையைத்தான் பல இலவசத் தளங்கள் ஷேக்ஸ்பியர் என்று நீட்டுகின்றன. எந்த வருஷம், எந்தப் பதிப்பு, எந்த நூலகத்துப் பிரதி? இந்த மூன்றையும் சொல்லாத பக்கத்தை நம்பாதே என்று மாணவனுக்குச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும்.

கட்டணப் பூட்டுப் போட்ட கதவுகள் இல்லையா என்றால், உண்டு. 1473 முதல் 1700 வரை அச்சான ஆங்கில நூல்களின் படத்தொகுப்பு அப்படிப்பட்டது. ஆனால் அவற்றில் சுமார் 25,000 நூல்களின் எழுத்துப்படிகள் 2015 ஜனவரி முதல் தேதி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. இந்தச் செய்தியையாவது வகுப்பில் சொன்னீர்களா, ஐயா?

நான் கேட்பது பெரிதல்ல. பரீட்சையில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: ‘ஒரு நூலின் கையெழுத்துப் பிரதியிலோ முதற்பதிப்பிலோ ஒரு பக்கம் பார், கண்டதை எழுது.’ அதற்கு எந்தக் கைடிலும் விடை இருக்காது. அதனாலேயே அந்தக் கேள்வி வராமல் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம்.