பாடசாலைக் கூட்டத்துக்கு வெறுங்கையுடன் போகாதீர்கள்

பிள்ளைகளின் கல்வியில் எம்மவர் காட்டும் அக்கறை உலகறிந்தது. ஆனால் பிள்ளைக்கு விசேட கல்வி உதவி தேவைப்படலாம் என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்ததும் பல வீடுகளில் அந்த அக்கறை மௌனமாகிவிடுகின்றது. கடிதம் அலுமாரிக்குள் போகின்றது. செய்தி உறவினரிடம் மறைக்கப்படுகின்றது. கூட்ட நாளன்று பெற்றோர் சென்று, நீட்டிய தாளில் கையொப்பமிட்டுத் திரும்புகின்றனர். இந்த மௌனத்தின் விலையைச் செலுத்துவது பிள்ளையே.

எமது மக்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு விசேட கல்வி என்பது எவரும் காட்டும் கருணையன்று. 1980ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பாடசாலைச் சபைகள் மீது சுமத்திய கடமை. பிள்ளையின் தேவையை அடையாளம் கண்டு, எந்த வகுப்பில் அமர்த்துவது என முடிவெடுக்கும் குழுவை ஐ.பி.ஆர்.சி. என்பர். குறைந்தது மூவர் அதில் இருப்பர். பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் பிள்ளையின் விடயத்தை இக்குழுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும். கூட்டம் பற்றிக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெற்றோர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லலாம். 1998இல் வந்த 181ஆம் இலக்க ஒழுங்குவிதி இவற்றைத் தெளிவாகச் சொல்கின்றது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். மீத்திறன் மிக்க பிள்ளைகளை அடையாளம் காண்பதும் இதே குழுதான். அந்தப் பட்டியலில் பிள்ளையின் பெயர் வந்தால் ஊரெல்லாம் சொல்லி மகிழ்கின்றோம். கற்றல் குறைபாடு என்றோ ஓட்டிசம் என்றோ அதே குழு சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கின்றோம். சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கின்றது. பேதம் எமது பார்வையில்தான் இருக்கின்றது.

நான் நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன். செய்தியாளன் ஒரு கூட்டத்துக்கு எப்படி ஆயத்தமாகின்றானோ, பெற்றோரும் அப்படியே ஆயத்தமாக வேண்டும் என்பேன். தேர்ச்சி அறிக்கைகள், மருத்துவரின் கடிதங்கள், உளவியலாளரின் மதிப்பீடு ஆகியவற்றைத் திகதி வாரியாகக் கோவைப்படுத்துங்கள். குழுவின் முன் வைக்கப்படும் அறிக்கைகளை முன்கூட்டியே கேட்டுப் பெற்று வாசியுங்கள். பிள்ளைக்கு எது இயலும், எது இயலாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இயலுவதை முதலில் எழுதுங்கள். ஆங்கிலம் சரளமில்லையெனில் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென முன்னரே அறிவியுங்கள். பிள்ளையை அப்பணிக்கு அமர்த்த வேண்டாம்.

வீட்டு மொழி பற்றியும் பேசுங்கள். பிள்ளை தமிழில் எப்போது பேசத் தொடங்கியது, தமிழில் கதை சொல்லுமா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆங்கிலம் புதிதாக இருப்பது வேறு, மொழி வளர்ச்சியே தாமதமாவது வேறு. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று எவரேனும் ஆலோசனை சொன்னால் காரணம் கேளுங்கள். இரு மொழி பேசுவது குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

கூட்டத்தில் நேரான கேள்விகளைக் கேளுங்கள். இந்த உதவியை வழங்குபவர் யார்? வாரத்தில் எத்தனை மணித்தியாலம்? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குறுதிகளை எழுத்தில் கேளுங்கள்.

அன்றே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவு கிடைத்த 15 நாட்களுக்குள் மீண்டும் ஒரு கூட்டம் கோரலாம். 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் ஒன்றும் செய்யாது இருந்தால், கால எல்லை கடந்தபின் உங்கள் ஒப்புதலின்றியே அம்முடிவை நடைமுறைப்படுத்த முடியும். மௌனமும் சம்மதமாகிவிடுகின்றது.

ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆசிரியருக்குப் பிள்ளையின் பாடசாலை நேரம் தெரியும்; மிகுதி நேரம் தெரிந்தவர் பெற்றோர். அதைச் சொல்வது அவமதிப்பாகாது, உதவியாகும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். தன் தேவையைச் சொல்லி அழத் தெரியாத பிள்ளைக்காக அந்த மேசையில் பேசவேண்டியவர்கள் நீங்கள்தான்.