நீர்மேல் குடியிருக்க ஒரு பழைய கலம்

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், சியாட்டில் நகரத்தை ஒட்டிக் கிடக்கும் பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலின் படகுத்துறைகளில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளும், நகரத்து வீட்டு வாடகைக்கு ஈடுகொடுக்க மாட்டாத இளைஞர்களும், கடலைப் பிரிந்திருக்க மனமில்லாத வேறு சிலரும், நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் கட்டப்பட்ட மோட்டார் யாட் ஒன்றை வாங்கி, அதையே தங்கள் நிரந்தர வாசஸ்தலமாக அமைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். யாட் என்றவுடன் கோடீசுவரர்களின் வெண்ணிற மாளிகை நம் கண்முன் தோன்றுவது இயல்பு. நான் இங்கே பேசுவதோ முப்பத்தாறு அடியும் நாற்பத்திரண்டு அடியும் நீளமுள்ள, ஓர் அடுக்களையும் ஒரு கூடமும் இரண்டு படுக்கையறைகளும் கொண்ட, நடுத்தர வருமானக்காரர் ஒருவர் சேமிப்பைத் திரட்டினால் வாங்கிவிடக்கூடிய பழைய கலங்களைப் பற்றி. படுக்க இடமும் சமைக்க இடமும் கழிப்பறையும் இருந்தால் படகும் வீடுதான் என்று ஏற்றுக்கொண்டு, அதற்காக வாங்கிய கடனின் வட்டிக்கு வீட்டுக் கடனுக்குரிய சலுகையை அந்நாட்டு வருமான வரி விதிகளே அளிக்கின்றன. ஆகவே இதை விநோதப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்த வாழ்க்கைமுறையை நான் மனமார மதிக்கிறேன். நல்ல பழைய கலம் ஒன்று, செவ்வையாகப் பேணப்பட்டால், ஒரு குடும்பத்தின் ஆயுட்காலம் முழுவதும் நிழல் தரும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கலத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் இன்று பரவிவரும் அசட்டுத் துணிச்சல் கவலைக்குரியது. விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காகவும், கூடத்தின் தேக்குப் பலகை பளபளக்கிறது என்ற மயக்கத்தினாலும் வாங்கப்படும் கலங்கள், சில வருஷங்களில் வாங்கியவரின் கையிருப்பைக் கரைத்து, கடைசியில் எவரும் உரிமை கொண்டாடாத குப்பையாக ஊர்ப் பொதுவின் தலையில் வந்து விழுகின்றன. தேர்ந்தெடுப்பது வாங்குகிறவரின் சொந்த விவகாரம் மட்டும் அன்று என்பதே என் அபிப்பிராயம்.

இப்படிக் குடியிருப்புக்கு நாடப்படும் கலங்களில் பெரும்பான்மையானவை, மீன்பிடிப் படகின் உருவத்தைத் தழுவிக் கட்டப்பட்டதால் டிராலர் என்று பெயர் பெற்ற வகையைச் சேர்ந்தவை. 1956-இல் ஹாங்காங்கில் தோன்றிய அமெரிக்கன் மரைன் என்னும் கம்பெனி, 1960-களின் நடுவிலிருந்து கிராண்ட் பாங்ஸ் என்ற பெயரில் இவற்றைக் கட்டத் தொடங்கி, பிறகு சிங்கப்பூரிலும் தளம் அமைத்துத் தொழிலை வளர்த்தது; 1973 வரையில் உடல் முழுவதையும் மரத்தினாலும், அதன்பின் ஃபைபர் கிளாஸினாலும் கட்டியது. தைவான் நாட்டுப் பட்டறைகளும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதே சாயலில் ஏராளமான கலங்களை அனுப்பிவைத்தன. இவை வேகத்துக்குப் பிறந்தவை அல்ல. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வரும் எண்ணே இத்தகைய கலத்தின் இயல்பான உச்ச வேகம் என்பது படகு சாஸ்திரத்தின் பழைய கணக்கு. 36 அடி நீர்க்கோடுள்ள கலம் ஏறக்குறைய எட்டு நாட், அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் செல்லும். அந்த நிதானத்துக்குள் நின்றால் டீசல் செலவு சொற்பம். குடியிருக்கிறவருக்கு அவசரம் என்ன? வேகப்படகுகளை விட்டு இந்த மந்தகதிக் கலங்களை நாடுகிறவர்கள் முதல் தீர்மானத்தைச் சரியாகவே செய்கிறார்கள் என்று சொல்வேன்.

இடறல் ஆரம்பிப்பது அதற்கு அடுத்த படியில். இந்தக் கலங்களின் மேல்தளத்தில் தேக்குப் பலகை பதிப்பது அக்காலத்து வழக்கம். பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தேக்கின்மேல் உள்ள பக்தி சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் இந்த இடத்தில் தேக்கே பகையாகிவிடுகிறது. அந்தப் பலகைகள் ஒட்டப்பட்டவை மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு திருகாணிகளால் ஃபைபர் கிளாஸ் தளத்தைத் துளைத்து முடுக்கப்பட்டவை. அந்தத் தளமோ ஒரே கட்டியான பொருள் அன்று. மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ் தோல், நடுவே பால்சா என்னும் மென்மரமோ ஒட்டுப்பலகையோ வைத்து அமைத்தது. பல வருஷ வெயிலிலும் தேய்த்துக் கழுவுதலிலும் தேக்கு மெலிந்து, திருகாணித் தலையை மூடியிருந்த மரக்குமிழ் உதிர்ந்துபோனால், ஒவ்வொரு திருகாணியும் மழைநீருக்கு ஒரு வாய்க்கால்தான். உள்ளே மரம் ஊறி, அழுகி, கூழாகிக்கொண்டிருக்கும்போதும் மேலே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அநுபவமுள்ள பரிசோதகர் ஒருவர் இத்தகைய தளத்தில் மண்டியிட்டு, சிறு சுத்தியலின் பின்புறத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் ‘டக், டக்’ என்று கணீரென்று எழும்பிய ஓசை, பக்கவாட்டு ஜன்னலின் அடியில் வந்தவுடன் ‘பொத்’தென்று அமுங்கிவிட்டது. அவர் சாக்குக்கட்டியால் அந்த எல்லையைச் சுற்றிக் கோடு போட்டார். தட்டி முடித்தபோது அந்தக் கோடு ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பரந்திருந்தது. பிறகு உள்ளே போய் அதே ஜன்னலின் கீழே மரப்பலகையைக் காட்டினார்: காப்பி வடிந்த தடம்போல ஒரு பழுப்பு நிறக் கோடு, புதிதாகப் பூசிய வார்னிஷுக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தது. விற்பனைக்காக நேற்றுப் பூசிய வார்னிஷ் எத்தனை வருஷத்து மழையை மறைத்துக்கொண்டிருந்தது! வாங்க விரும்புகிறவர் கலத்தை வெயிலில் ஒரு முறை பார்த்தால், அடைமழையில் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

மழை அத்துடன் நிற்பதில்லை. மேல்தளத்தில் எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றிக் கசியும் நீர் நேரே கீழே இறங்கி டீசல் தொட்டியின் தலையில் தேங்குகிறது. அக்காலத்துத் தொட்டிகள் சாதாரண இரும்புத் தகட்டால் செய்தவை. துரு வெளியிலிருந்தே அவற்றைத் தின்றுவிடும். தொட்டியை மாற்றுவது என்றால் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வைப்பது போன்ற காரியம் அல்ல. முதலில் தொட்டிகளை வைத்து, பிறகு யந்திரத்தை இறக்கி, அதன்மேல் கூடத்தைக் கட்டி முடித்த கலங்கள் இவை. எனவே அவற்றை வெளியே எடுக்க வேண்டுமானால் கூடத்தின் தரையைப் பெயர்க்கவோ, யந்திரத்தையே தூக்கவோ, தொட்டியை உள்ளேயே துண்டு துண்டாக அறுக்கவோ நேரும். யந்திர அறைக்குள் தவழ்ந்து போய், தொட்டியின் அடிவிளிம்பில் வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவருக்காக நான் இரக்கப்படுகிறேன்.

யந்திரத்தைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகமாகப் பயப்படுகிறார்கள். என் எண்ணத்தில் அங்கே அவ்வளவு பயம் அவசியமில்லை. இந்தக் கலங்களில் மிகுதியாகக் காணப்படும் ஃபோர்டு லேமன் 120 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் யந்திரம், இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனி தரைவேலைக்காகச் செய்த யந்திரத்தை எடுத்து, அமெரிக்காவில் கடல் உபயோகத்துக்கு மாற்றியமைத்தது. நிதான கதியில் ஓடி, பல்லாயிரம் மணிநேரம் உழைக்கும் குணமுடையது. ஆனால் அதன் எரிபொருள் பம்புக்குத் தனியாக ஓர் எண்ணெய்க் குழி உண்டு. அந்த எண்ணெயை ஐம்பது மணிநேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ‘இந்த எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேட்டால் போதும். விற்கிறவர் எப்படிப்பட்ட எஜமானர் என்பது விளங்கிவிடும். குறிப்புப் புஸ்தகத்தைத் திறந்து தேதியைக் காட்டுகிறவரிடம் வாங்கலாம். ‘எந்த எண்ணெய்?’ என்று திகைக்கிறவரிடம் யோசிக்க வேண்டும்.

மணிநேரக் கணக்கு குறைவாக இருப்பதை ஒரு சிறப்பாக விளம்பரம் செய்வார்கள். முப்பது வருஷமாகத் துறையிலேயே கட்டிக்கிடந்து, குறைவாக ஓடியது என்று பெருமை பேசும் கலத்தைவிட, வருஷந்தோறும் கனடாக் கரைவரை போய்வந்த கலமே மேல். ஓடாத டீசல் யந்திரம் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. உப்பு நீர் கலந்து புகை வெளியேறும் வளைகுழாய் சத்தமில்லாமல் அரித்துப்போகிறது. பார்க்கப் போகும்போது யந்திரத்தின்மேல் கையை வைத்துப் பாருங்கள். தரகர் முன்னதாகவே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படி விழித்தெழுகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம்; அன்று திரும்பிவிட்டு வேறொரு நாள் போவதே நல்லது.

அடிப்பாகத்து ஃபைபர் கிளாஸில் அம்மை வார்த்தாற்போல் கொப்புளங்கள் இருப்பது கண்டு மிரள்கிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் அழகைக் கெடுக்குமே தவிரக் கலத்தைக் கெடுப்பது அபூர்வம். மின்கம்பிகள் அப்படி அல்ல. ஒருவர் பின் ஒருவராக ஐந்தாறு உடைமையாளர்கள் தத்தம் இஷ்டப்படி இழுத்துச் சேர்த்த கம்பிச் சிக்கலும், கரை மின்சாரத்தை இணைக்கும் முனையில் தெரியும் கறுத்த தழும்பும், உறங்கும்போது தீப்பிடிப்பதற்கான முன்னறிவிப்புகள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் கலத்தின் அடிவயிற்றில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வெளிக்காற்றுப்படும் தனிப்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி போதுமான அளவுள்ளதா என்பதும் முக்கியம்; 2018 முதல் பியூஜெட் சவுண்டில் கழிவறை நீரை, சுத்திகரித்த பிறகும்கூட, கலத்திலிருந்து கடலில் விடுவதற்குத் தடை இருக்கிறது.

பணக் கணக்குக்கு வருவோம். வருஷப் பராமரிப்புக்கு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். பழைய கலத்துக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. காலம் கலத்தின் விலையைக் குறைத்திருக்கிறதே ஒழிய அதன் நீளத்தைக் குறைக்கவில்லை. துறை வாடகை அடிக்கணக்கில், வர்ணம் பூசும் கூலி அடிக்கணக்கில், யந்திரத்தின் உதிரிப்பாகமோ புதுக் கலத்துக்கு என்ன விலையோ அதே விலை. யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பணமில்லாமல் தவித்த கதை இங்கே நாள்தோறும் நடக்கிறது. கையிலுள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கலத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று எவர் கேட்டாலும் சொல்வேன். அதனால் நாற்பத்திரண்டு அடி ஆசை முப்பத்தாறு அடியில் வந்து நின்றாலும் நஷ்டமில்லை.

கலத்தை வாங்குமுன் அதைக் கட்டிவைக்க இடம் இருக்கிறதா என்பதும் நிச்சயமாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு துறையின் இடங்களில் பத்தில் ஒன்றுக்குமேல் குடியிருப்போருக்குக் கொடுக்கலாகாது என்று அங்கத்திய விரிகுடாப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே நங்கூரமிட்டு வாழ்கிறார்கள். பேணவும் வசதியின்றி, விற்கவும் வழியின்றி, ஒரு புயலிரவில் கலம் அறுத்துக்கொண்டு போய்க் கரையில் மோதுகிறது. ஃபைபர் கிளாஸ் மக்குவதில்லை. இரும்பைப் போல உருக்கி விற்கவும் முடியாது. சியாட்டில் அடங்கிய வாஷிங்டன் மாநிலம் 2002-இல் சட்டம் இயற்றி, கைவிடப்பட்ட கலங்களைப் பொதுப் பணத்தில் அகற்றி வருகிறது.

அதே மாநிலம் பின்னர், 65 அடிக்கு மேற்பட்டதும் நாற்பது வயதைக் கடந்ததுமான கலத்தைக் கைமாற்றும் முன் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நல்ல சட்டம், ஆனால் எளியவர்கள் வாங்கிக் குடியேறுவது முப்பத்தாறும் நாற்பத்திரண்டும் அடியுள்ள கலங்களில் அல்லவா? அவற்றை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விட்டிருப்பது நியாயமாகப் படவில்லை. வயதான கலம் எந்த நீளமானாலும், அதில் ஒரு குடும்பம் உறங்கப்போகிறது என்றால், கரைமேல் ஏற்றி அடிமுதல் நுனிவரை சோதித்து எழுதிய அறிக்கை இல்லாமல் விற்பனையைப் பதிவு செய்யக்கூடாது. அந்தச் சட்டம் வரும்வரையில் வாங்குகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே அதை விதித்துக்கொள்ளட்டும்: விற்பவரோ தரகரோ சொன்ன ஆளை விட்டுத் தாங்களே ஒரு பரிசோதகரையும், யந்திரத்துக்குத் தனியாக ஒரு டீசல் மெக்கானிக்கையும் அமர்த்தட்டும், முன்பணம் கொடுக்குமுன், பரிசோதனை திருப்தியளிக்காவிட்டால் அந்தப் பணம் முழுவதும் திரும்பி வரும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.