சக்கரத்தில் தெளிக்கும் மருந்து

ஆலப்புழை வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்ற செய்தி வந்ததும், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளில் தமிழகக் கால்நடைத் துறையினர் தெளிப்பானுடன் நிற்பார்கள். கேரளத்தில் கோழி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளின் சக்கரங்களில் கிருமிநாசினி அடிக்கப்படும். 2014, 2021, 2024 என ஒவ்வொரு முறையும் இதே காட்சி. இது வேண்டாத வேலை அன்று. ஆனால் இதையே நோய்த்தடுப்பு என்று கொண்டாடுவது ஏமாற்று.

தடுப்பின் முதல் கண்ணி, பறவை சாகத் தொடங்கியதும் தகவல் சொல்லும் பண்ணையாளர். அவர் சொன்னால் கிடைப்பது என்ன? 2021 ஜனவரியில் கேரள அரசு அறிவித்த இழப்பீடு: இரண்டு மாதம் கடந்த பறவைக்கு 200 ரூபாய், அதற்கும் இளையதற்கு 100, முட்டைக்கு 5. அழிக்கப்படுபவையோ அவருடையவை மட்டுமல்ல. ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் அண்டை வீட்டாரின் பறவைகளும்தான். மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கும் கொட்டகைக்கும் ஏறும் வட்டிக்கும் ஊராரின் பகைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இந்நிலையில் ஒருவர் வாய்மூடி இருந்தால், அதை விழிப்புணர்வின்மை என்று ஆய்வறிக்கையில் எழுதுவது சோம்பல். அவர் கணக்குத் தெரிந்தவர்.

ஒப்பந்தப் பண்ணைகளில் நிலைமை இன்னும் மோசம். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என வளர்ப்புக் கூலி மட்டுமே அவருக்கு. பறவைக்கு விலை வைக்கும் இழப்பீடு, பறவையே சொந்தமில்லாதவருக்கு எதை ஈடுசெய்யும்?

தடுப்புக்குச் செலவிட்டால் இறைச்சி விலை ஏறும், ஏழையின் தட்டில் கோழி இராது என்பர். செலவு இன்றும் இருக்கிறது. கடைப் பலகையில் எழுதப்படவில்லை, அவ்வளவே. அதைப் பண்ணையாளரின் கடனும் அரசுக் கருவூலமும் தொழிலாளியின் நுரையீரலும் சுமக்கின்றன. 2022இல் உலக வங்கி இட்ட மதிப்பீட்டின்படி, உலகளவில் முன்தடுப்புக்கு ஆண்டுக்கு 1,030 முதல் 1,150 கோடி டாலர் வேண்டும். பெருந்தொற்றுகளைச் சமாளிக்க ஆகும் செலவோ ஆண்டுக்குச் சுமார் 3,010 கோடி டாலர்.

எனவே கேட்க வேண்டியது கூடுதல் தெளிப்பான்களை அல்ல. கோழி வணிகத்தின் பெரு நிறுவனங்களிடம் கிலோவுக்குச் சிறு தொகை வசூலித்து, இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரு நிதியம் அமைக்கட்டும். முந்திச் சொல்பவருக்குப் பறவையின் விலையோடு, கொட்டகை வெறுமையாய்க் கிடக்கும் நாட்களுக்கும் அது ஈடு தரட்டும். உண்மை சொல்பவர் நட்டப்படும் வரை, எல்லையில் சக்கரங்கள் மட்டுமே நனைந்துகொண்டிருக்கும்.